மழை இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் ஓடுவது என்ன? அதை யாரிடம், எப்படிச் சொல்வது?

மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சாலையோர மழைநீர் வடிகாலின் மூடி இடுக்கில் எட்டிப் பார்த்தால் கறுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கும், நாற்றமும் தூக்கும். "சாக்கடைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது சாக்கடை அல்ல, சாக்கடையாக ஆக்கப்பட்ட வடிகால்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னைச் செய்திகளில் "மழைநீர் வடிகாலில் இருந்த சட்டவிரோதக் கழிவுநீர் இணைப்புகள் துண்டிப்பு" என்று வரும். துண்டித்தது மாநகராட்சி என்று ஒரு நாள் படிப்போம், நகரின் குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் கவனிக்கும் மெட்ரோ வாட்டர் என்று இன்னொரு நாள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் கேள்வி கேட்டது என்று வேறொரு நாள் வரும். இத்தனை பேர் இருக்கும் இடத்தில், தெருவில் இதைக் கண்ணால் பார்க்கிறவர் யாரிடம் போவது? சென்னையை வைத்தே பார்ப்போம். மற்ற ஊர்களில் எது மாறும் என்பது போகிற போக்கில் வரும்.

## இரண்டு குழாய், இரண்டு பயணம்

லண்டன், பாரிஸ் போன்ற பழைய நகரங்களின் பெரும் பகுதியில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. சென்னையின் திட்டம் வேறு. இங்கே இரண்டுக்கும் தனித்தனிப் பாதை.

1. பாதாளச் சாக்கடை. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் இதில் இறங்கி, உந்து நிலையங்கள் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். சாலை நடுவே வட்ட மூடியோடு தெரியும் மேன்ஹோல்கள் இதனுடையவை.

2. மழைநீர் வடிகால். சாலையோரம், பெரும்பாலும் நடைபாதைக்கு அடியில் கான்கிரீட் பெட்டி போலப் போவது. சாலையில் விழும் மழையை வாங்கி ஓட்டேரி நல்லா, மாம்பலம் கால்வாய், விருகம்பாக்கம்-அரும்பாக்கம் கால்வாய் போன்றவற்றில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கடல்.

இரண்டாவது பாதையில் எங்கேயும் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. மழைநீருக்கு அது தேவையில்லை என்று நினைத்துக் கட்டியது. ஆகவே ஒரு வீட்டின் கழிப்பறைக் குழாயை வடிகாலில் சொருகினால், அந்த மலம் அப்படியே ஆற்றுக்குப் போகிறது. தென்சென்னையில் சில கால்வாய்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் முடிகின்றன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அதே சதுப்பு நிலம்தான்.

அடுத்த சேதம் வெள்ளம். கழிவுநீரோடு வரும் திடக்கழிவும் எண்ணெய்ப் பிசுக்கும் வடிகாலின் அடியில் படிந்து இறுகும். ஐப்பசியில் கொட்டும் மழைக்கு இடமாக இருக்க வேண்டிய கொள்ளளவில் ஒரு பங்கை வெயில் காலத்திலேயே சாக்கடை பிடித்து வைத்திருக்கும். வடிகால் புதிதாகக் கட்டியும் தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று எரிச்சல்படுகிறவர்கள், அதற்குள் மழைக்கு முன்பே என்ன இருந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

எதிர்த்திசையிலும் இந்தக் கலப்பு நடக்கிறது. தெருவில் மழைநீர் தேங்கினால் சிலர் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டுக் கழிவுநீரைக் கணக்கிட்டு அமைத்த குழாய் அந்த வெள்ளத்தைத் தாங்காமல் நாலு தெரு தள்ளி இன்னொரு மேன்ஹோலில் பொங்கும். திறந்து கிடக்கும் குழியில் ஆள் விழும் ஆபத்து தனி.

## மூன்று நாள் சோதனை

புகார் கொடுப்பதற்கு முன்னால், ஓடுவது உண்மையிலேயே கழிவுநீர்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. மழை நின்று மூன்று நாள் கழித்துப் பாருங்கள். சாலையில் விழுந்த மழை அதற்குள் வடிந்திருக்கும். அப்போதும் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தால், வானத்திலிருந்து வராத ஏதோ ஒன்று அதில் கலக்கிறது.

அமெரிக்காவில் நகராட்சிகள் பயன்படுத்தும் முறையும் ஏறக்குறைய இதுதான். அங்கே 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தில் 1987-இல் செய்த திருத்தத்தால், மழைநீர் வடிகாலை வைத்திருக்கும் நகராட்சியே அனுமதி வாங்க வேண்டும். வறண்ட நாளில் வடிகால் வாய்களைச் சோதித்துத் திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடிப்பது அந்த அனுமதியின் நிபந்தனை. நம் ஊரில் அந்தக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் தெருவாசியின் மூக்கிடம் விடப்பட்டிருக்கிறது.

வறண்ட நாளில் ஓடுவதெல்லாம் குற்றம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். உடைந்த குடிநீர்க் குழாய், வழியும் மேல்நிலைத் தொட்டி, அடித்தளம் தோண்டும் இடத்தில் இறைக்கும் நிலத்தடி நீர் ஆகியவையும் வடிகாலுக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் சென்னையில் நிலத்தடி நீர் மேலே இருக்கும். அப்போது தாழ்வான இடங்களில் ஊற்று நீரே வடிகாலுக்குள் கசியலாம். நிறமும் நாற்றமும் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும்:

1. சாம்பல் நிறம், சோப்பு வாடை, மிதக்கும் சோற்றுப் பருக்கை: சமையலறை, குளியலறைத் தண்ணீர்.

2. கறுப்பு நிறம், அழுகிய முட்டை நாற்றம்: நாள்பட்ட மலக்கழிவு. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். அதனால்தான் அது ஆளைக் கொல்கிறது.

3. பால் போல வெள்ளை: சிமென்ட் கழுவிய நீர் அல்லது பெயின்ட். கட்டுமான இடம் பக்கத்தில் இருக்கும்.

4. வானவில் போல மின்னும் படலம்: எண்ணெயாக இருக்கலாம், இரும்புச் சத்தில் வளரும் நுண்ணுயிரியாகவும் இருக்கலாம். ஒரு குச்சியால் கலைத்தால் எண்ணெய் மறுபடி ஒன்று சேரும், நுண்ணுயிரிப் படலம் சில்லு சில்லாக உடையும்.

5. ஒரு நாள் நீலம், மறுநாள் சிவப்பு: பெரும்பாலும் சாயப் பட்டறை.

## ஏன் விடுகிறார்கள்?

எல்லாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், புகாருக்குப் பிறகு நடப்பது புரியாமல் போகும்.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. சேர்ந்த பகுதிகளில் பல இடங்களில் பாதாளச் சாக்கடை இல்லை. அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். தொட்டி நிறைந்தால் லாரி கூப்பிட வேண்டும், அதற்குச் செலவு. வாசலில் புது மழைநீர் வடிகால் வந்ததும், தொட்டியின் மேல்புறத்தில் ஒரு பிவிசி குழாயைச் சொருகி வடிகாலில் விட்டால் லாரிச் செலவு மிச்சம். கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான்.

குழாய் வந்த பகுதிகளில் கதை வேறு. இணைப்புக் கட்டணம், வீட்டுக்குள் தோண்டும் செலவு, வாடகை வீடு என்றால் "ஓனர் பார்த்துக்கட்டும்" என்ற போக்கு. மெட்ரோ வாட்டர் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுத்தாலும், அது பலருக்குத் தெரிவதில்லை. உணவகம், மெக்கானிக் கடை, வண்டி கழுவும் இடம் ஆகியவற்றில் குழாய் இணைப்பு இருந்தும் எண்ணெய்ப் பிசுக்கால் அடிக்கடி அடைத்துக்கொள்வதால் வடிகாலுக்குத் திருப்பிவிடுவது உண்டு.

சில இடங்களில் வீட்டுக்காரர் மேல் தப்பே இல்லை. பாதாளச் சாக்கடை அடைத்து மேன்ஹோல் பொங்கி, சாலையில் ஓடி, வடிகாலின் நீர் நுழையும் வாயில் இறங்குகிறது. அங்கே தவறு பராமரிக்கும் துறையுடையது. புகாரில் இதைப் பிரித்துச் சொல்வது முக்கியம்.

## சட்டம் என்ன சொல்கிறது?

1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவுதான் அடிப்படை. நச்சு, மாசு தரும் பொருள் எதையும் தெரிந்தே நீரோடை, கிணறு, கழிவுநீர்க் கால்வாய், நிலம் எதிலும் விடக் கூடாது. தண்ணீர் தற்சமயம் ஓடாத வறண்ட ஓடையும் நீரோடைதான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. "சும்மா காய்ந்து கிடந்த கால்வாய்தானே" என்ற வாதம் அதனால் எடுபடாது.

மீறினால் குறைந்தது ஒன்றரை ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு சிறை, அபராதம் என்று 43-ஆவது பிரிவு சொன்னது. 2024-இல் நாடாளுமன்றம் இதைத் திருத்தி, பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை தண்டத் தொகை என்று மாற்றியது. தண்ணீர் மாநிலங்களின் அதிகாரத்தில் வருவதால், சட்டமன்றத் தீர்மானம் போட்டு ஏற்கும் மாநிலங்களில் மட்டுமே திருத்தம் செல்லும். முதலில் அமலானது இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பிரதேசங்கள் ஆகியவற்றில். எந்த வடிவம் அமலில் இருந்தாலும் கழிவை விடுவது தடைசெய்யப்பட்ட செயல்தான். அதனால் புகார் கொடுப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டு இணைப்புகளைப் பொறுத்தவரை உள்ளாட்சிச் சட்டமும், 1978-இல் மெட்ரோ வாட்டரை உருவாக்கிய சட்டமும்தான் நடைமுறையில் கைகொடுக்கும். துண்டிப்பதும், சிமென்ட் வைத்து அடைப்பதும், அபராதம் போடுவதும் இவற்றின் கீழ்தான். கழிவுநீர் லாரிகளுக்கு 2022-இலிருந்து உரிமம் கட்டாயம். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்த முறை 50,000 ரூபாய் அபராதம்.

சட்டத்தின் இன்னொரு மூலையில் கிடக்கும், அதிகம் பேர் எடுக்காத ஒரு கருவி பொதுத் தொல்லைப் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, 2024 ஜூலை முதல் அமலான புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. வருவாய்க் கோட்டாட்சியரே தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவு போடலாம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் திறந்த சாக்கடையாலும் சாராய ஆலையின் கழிவாலும் அவதிப்பட்ட மக்கள் இந்தப் பிரிவைத்தான் பிடித்தார்கள். நகராட்சி "எங்களிடம் பணம் இல்லை" என்றது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் சாக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. இன்றும் எந்த மண்டல அலுவலகத்திலும் "நிதி வரட்டும்" என்ற பதில் கிடைக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வழக்கு இது.

## எந்தக் கதவு?

புகார்கள் தோற்றுப்போவதற்கு அலட்சியத்தைவிடப் பெரிய காரணம், தவறான கதவைத் தட்டுவது. யார் எதற்குப் பொறுப்பு?

1. சாலையோர மழைநீர் வடிகால், நகருக்குள் இருக்கும் சிறிய கால்வாய்கள்: சென்னை மாநகராட்சி. தொலைபேசி 1913, நம்ம சென்னை செயலி.

2. பாதாளச் சாக்கடை, பொங்கும் மேன்ஹோல், கழிவுநீர் இணைப்பு இல்லாத கட்டடம்: மெட்ரோ வாட்டர். தொலைபேசி 1916. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பொறியாளரே எதிரில் உட்கார்ந்திருப்பார் என்பதால், போனில் பத்து முறை சொல்வதைவிட இது பலன் தரும்.

3. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் போன்ற பெரிய நீர்வழிகளின் கரை: நீர்வளத் துறை.

4. தொழிற்சாலை, பட்டறை, பெரிய மருத்துவமனை, சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் அடுக்குமாடி வளாகம்: தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்.

5. நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் உள்ள வடிகால்: நெடுஞ்சாலைத் துறை. சாலை யாருடையது என்று தெரியாவிட்டால் மாநகராட்சியிடமே கேளுங்கள், அங்கே பதிவேடு இருக்கும்.

தாம்பரம், ஆவடி போன்ற மாநகராட்சிகளிலும் மற்ற நகராட்சிகளிலும் குழப்பம் குறைவு. வடிகால், பாதாளச் சாக்கடை இரண்டையும் கவனிப்பது பெரும்பாலும் ஒரே உள்ளாட்சிதான். யாரும் அசையவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளும் இருக்கிறது. ஆனால் இவை இரண்டும் மனுவை மறுபடி அதே துறைக்குத்தான் அனுப்பும். அதனால் முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிடாமல் அங்கே போவதில் பயனில்லை.

## ஒரு வார்த்தை மாறினால் வேறு ஆள் வருவார்

"வடிகால் அடைத்துக்கொண்டிருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை" என்று 1913-இல் சொன்னால், புகார் "தூர் வாருதல்" என்ற தலைப்பில் பதிவாகும். இரண்டு நாளில் ஆட்கள் வந்து வண்டலை அள்ளிக் கரையில் போட்டு, படம் எடுத்து, புகாரை முடித்துவிடுவார்கள். அவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அடுத்த வாரம் வடிகால் மறுபடி கறுக்கும், ஏனென்றால் குழாயை யாரும் தேடவே இல்லை.

அதையே "இன்ன கதவு எண்ணுக்கு எதிரே உள்ள மழைநீர் வடிகாலில், மழை இல்லாத நாட்களிலும் கழிவுநீர் வருகிறது, கட்டடத்திலிருந்து சட்டவிரோத இணைப்பு இருப்பதாகத் தெரிகிறது, கள ஆய்வு செய்து துண்டிக்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். இப்போது உதவிப் பொறியாளர் வர வேண்டிய புகாராக அது மாறுகிறது. வடிகால் மாநகராட்சியுடையது, கட்டடத்துக்குச் சரியான இணைப்பு தர வேண்டியது மெட்ரோ வாட்டர். ஆகவே இரண்டு பக்கமும் பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, கூட்டு ஆய்வு கேட்பது நல்லது. "அது அவங்க வேலை" என்று தள்ளிவிடுவதற்கு இடம் குறையும்.

மேன்ஹோல் பொங்கித்தான் வடிகாலில் கலக்கிறது என்றால் "இணைப்பு" என்ற சொல்லே வேண்டாம். "கழிவுநீர்க் குழாய் அடைப்பு, மேன்ஹோல் பொங்கி மழைநீர் வடிகாலில் இறங்குகிறது" என்று மெட்ரோ வாட்டரிடம் மட்டும் சொல்லுங்கள்.

## என்ன ஆதாரம் வேண்டும்?

வழக்கறிஞர் அளவுக்குத் தயாராக வேண்டாம். புகாரைப் படிக்கும் பொறியாளர் நேராக அந்த இடத்துக்கு வந்து, பார்த்த உடனே "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். அந்த அளவு போதும்.

1. இடம். வார்டு, தெரு, அருகில் உள்ள கதவு எண் அல்லது மின்கம்ப எண். செல்போன் வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது.

2. இரண்டு படங்கள். ஒன்றில் குழாய் வாயும் விழும் நீரும் தெரிய வேண்டும். மற்றொன்றில் கடைப் பலகை, கோயில் கோபுரம் என ஏதாவது அடையாளம் தெரிய வேண்டும். வெறும் கறுப்புத் தண்ணீரின் படம் எந்தத் தெருவுக்கும் பொருந்தும்.

3. நேரம். எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் கழித்து. காலை 7 முதல் 9 வரை மட்டும் ஓடினால் வீடுகள், நள்ளிரவில் ஓடினால் லாரியோ பட்டறையோ. ஒரு வாரம் குறித்து வைத்தால் ஓட்டத்தின் நேரமே ஆளைக் காட்டும்.

4. லாரி என்றால் பதிவு எண். வண்டியை மறிக்க வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே இறங்காதீர்கள், பிறர் வளாகத்துக்குள் போகாதீர்கள். மழைநீர் வடிகால்தானே என்று இறங்கி விஷவாயுவில் சிக்கினால், அதில் ஓடுவது எது என்று வாயு பார்ப்பதில்லை. "ஒரு ஆளை உள்ளே இறக்கிப் பாருங்க" என்று அதிகாரியிடம் கேட்பதும் தவறு. கழிவுநீர்க் குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அங்கே நேரும் மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி யாரையாவது இறக்குவதைப் பார்த்தால் 14420 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுப்பது பலருக்குத் தோன்றும் யோசனை. அந்த முடிவு செய்திக்கு உதவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை உசுப்பவும் உதவும். வழக்கில் நிற்காது. நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி வாரிய அதிகாரி உரியவருக்கு அறிவிப்பு கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். அந்தச் சடங்கு தவறினால் அந்த ஆய்வு முடிவை நீதிமன்றம் ஏற்காது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, "21-ஆவது பிரிவின்படி மாதிரி எடுங்கள்" என்பதுதான்.

## தொழிற்சாலைகளும் மழை நாள் தந்திரமும்

மூன்று நாள் சோதனை வீடுகளுக்குப் பொருந்தும். தொழிற்சாலைகள் விஷயத்தில் அதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். தேக்கி வைத்த கழிவைத் திறந்துவிட மழை நாளைவிட வசதியான நாள் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், நிறமும் வெளுத்துவிடும். திருப்பூரில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அதற்குப் பிறகும் மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்குவது செய்தியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

வேண்டுமென்று திறக்காவிட்டாலும், வளாகத்துக்குள் எண்ணெயும் மழையும் கலக்காமல் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணூர் உதாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, மீனவர்களின் படகையும் வலையையும் தார் பூசியதுபோல் ஆக்கியது. சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது. "மழைநீர் மேலாண்மை" என்ற சாதுவான சொல்லுக்குள் இத்தனை பெரிய விபத்து அடங்கியிருந்தது.

எனவே ஆலைக்கு அருகில் இருப்பவர்கள் மழை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் வடிகால் வாயைப் பார்க்க வேண்டும். வாரியத்துக்குக் கொடுக்கும் புகாரில் நிறம், நுரை, நேரம் ஆகியவற்றோடு, அந்த ஆலைக்கு வாரியம் வழங்கிய இயக்க இசைவின் (இயங்குவதற்கான அனுமதியின்) நிபந்தனைகளையும் சரிபார்க்கச் சொல்லலாம். ஆலையை மூடவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிட நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

## புகார் "முடிக்கப்பட்டது" என்று வந்தால்

செயலியில் பச்சை நிறத்தில் "தீர்வு காணப்பட்டது" என்று வந்திருக்கும், வடிகாலில் கறுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது:

1. அதே எண்ணைக் குறிப்பிட்டு, புதிய தேதியுள்ள படத்தோடு மறுபடி பதிவுசெய்யுங்கள். முதல் முறை துண்டித்த குழாயை இரவோடு இரவாக மறுபடி இணைத்திருக்கலாம். இது அடிக்கடி நடப்பதுதான்.

2. மண்டல அலுவலகத்துக்கும் வார்டு உறுப்பினருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். பத்து வீட்டார் கையெழுத்து இருந்தால் தனி ஒருவர் மீது வரும் பகையும் குறையும். பக்கத்து வீட்டைப் பற்றிய புகாரில் இது சின்ன விஷயம் இல்லை.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல என்பார்கள். "இந்த எண் புகாரில் கள ஆய்வு செய்த அதிகாரியின் பதவி, ஆய்வு தேதி, ஆய்வு அறிக்கையின் நகல், அனுப்பிய நோட்டீஸின் நகல்" என்று ஆவணங்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆய்வே நடக்கவில்லை என்றால் அதுவும் எழுத்தில் வந்துவிடும்.

4. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்த எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்ய இடம் தருகிறது. அப்போது வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளையும் கேட்டால் தர வேண்டும். வழக்குவரை போகிறவர்கள் குறைவு. அந்த அறிவிப்புக் கடிதம் மட்டுமே பல கோப்புகளை நகர்த்தும்.

5. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். இங்கேதான் மேலே சொன்ன புகார் எண்கள், ஒப்புகை, ஆர்.டி.ஐ. பதில் எல்லாம் வேலைக்கு வரும். இவை இல்லாமல் போனால் "முதலில் துறையிடம் மனு கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பப்படலாம்.

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தீர்ப்பாயம் இன்று விதிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு அடிப்படை அதுதான்.

## எப்போது கொடுப்பது?

பெரும்பாலான புகார்கள் ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது போகின்றன. அந்த நேரம் பொறியாளர்கள் மோட்டார் பம்போடு ஓடிக்கொண்டிருப்பார்கள், வடிகால் நிரம்பி இருப்பதால் எந்தக் குழாய் யாருடையது என்று தெரியவும் தெரியாது. மாசி முதல் வைகாசி வரை வடிகால் காய்ந்திருக்க வேண்டிய காலம். அப்போது ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் தனியாகத் தெரியும், குழாய் வாயும் கண்ணில் படும். பருவமழைக்கு முன் தூர் வாரும் பணி தொடங்குவதற்குள் புகார் பதிவாகியிருந்தால், வாரும்போதே இணைப்பையும் சேர்த்து அடைக்கச் சொல்லிக் கேட்கலாம். அடைத்தார்களா என்று பார்க்க ஒரு மாதமாவது வறண்ட நாட்கள் கையில் இருக்கும்.